வெளிவந்துவிட்டதா என்று கேட்டார்கள்

கட்டுரை வெளிவந்த அன்று அது வெளிவந்துவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

காலையில் கல்லூரிக்குப் போகும் பேருந்தில் மின்னஞ்சல் வந்தது. குளத்தூர் தாண்டி ஒரு வளைவில் பேருந்து ஒதுங்கி நின்றபோது திறந்து பார்த்தேன். 'உங்கள் கட்டுரை இப்போது எல்லோரும் வாசிக்கக் கிடைக்கிறது' என்று எழுதியிருந்தது. இணைப்பைத் தொட்டேன். மேலே தலைப்பு, அதன் கீழ் என் பெயர், கல்லூரியின் பெயர், நான் வரைந்த படங்கள் எல்லாம் இருந்தன. தலைப்புக்கு வலப்பக்கம் சின்ன எழுத்தில், 'மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறது' என்று ஒரு வரியும் இருந்தது.

நான் பிசியோதெரபி கற்றுக்கொடுக்கிறவள். அதற்கு முன் இரண்டு தடவை கட்டுரைகளை இதழ்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்று பத்து மாதம் கழித்து இரண்டு வரியில் திரும்பி வந்தது. இன்னொன்றுக்கு இன்றுவரை பதிலே இல்லை. எனக்குத் தெரிந்த வரிசை அதுதான். முதலில் யாரோ முகம் தெரியாத இருவர் குறை சொல்வார்கள், பிறகு ஓர் ஆசிரியர் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வார், கடைசியில் அச்சாகும். இங்கே அச்சாவது முதலில் நடந்துவிட்டது. குறை சொல்கிறவர்கள் இனிமேல்தான் வர வேண்டும்.

இதன் காரணம் நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலைகளில், பெண்கள் நாள் முழுவதும் குந்தியிருந்து வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கை வலியையும் முழங்கால் வலியையும் பற்றி ஆய்வு செய்ய வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று எனக்கு நிதி கொடுத்தது. முடிவுகளை யாரும் இலவசமாக வாசிக்கும்படி வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு அவர்களே இணையத்தில் ஒரு வெளியீட்டுத் தளம், அவர்கள் சொல்லில் 'பிளாட்ஃபார்ம்', நடத்துகிறார்கள். அவர்களிடம் நிதி பெற்றவர்கள் மட்டும் அதில் எழுதலாம். அனுப்பினால் அலுவலகத்தில் சில விஷயங்களைச் சரிபார்த்துவிட்டு உடனே போட்டுவிடுவார்கள். பிறகு மதிப்பீட்டாளர்களை அழைப்பார்கள். மதிப்பீட்டாளரின் பெயரும் அவர் எழுதியதும் கட்டுரையின் அடியிலேயே எல்லோரும் பார்க்கத் தொங்கும்.

என் கணவர் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருக்கிறார். அன்று மாலை அவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார்.

"பிளாட்ஃபார்மா? பாறசாலையிலயா, நெய்யாற்றின்கரையிலயா?"

நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். அவர் கேட்கிற விதம் அப்படித்தான், இடையில் பேசமாட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பைசா குடுக்கது அவங்க, போட்டு வெளியாக்குகதும் அவங்க. அப்போ இது சரியில்லேண்ணு சொல்லதுக்கு யாரு உண்டு?"

"மதிப்பீட்டாளர்கள் சொல்லுவாங்க."

"அவங்க சொன்னா எடுத்துருவாங்களா?"

"எடுக்கமாட்டாங்க. கெடக்கும்."

அவர் தலையை ஆட்டினார். புரிந்ததென்று ஆட்டினாரா, புரியவில்லை என்றா, நான் கேட்கவில்லை. எனக்குமே அந்த இடம்தான் பிடிபடவில்லை.

மறுநாள் துறைத்தலைவரிடம் சொன்னேன். அவர் அதியன்னூர்க்காரர், என்னிடம் மலையாளத்தில்தான் பேசுவார். நல்ல மனுஷி. எனக்குப் பதவி உயர்வு கிடைக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர். அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்து அவரே நிரப்பத் தொடங்கினார். இதழின் பெயர் என்ற கட்டத்தில் நின்றார்.

"டீச்சரே, இது ஜேர்னல் தன்னெயல்லே?"

"ஜர்னல் இல்ல மேடம். பிளாட்ஃபார்ம்னுதான் அவங்க சொல்றாங்க."

"சரி. எடிட்டர் ஆரா?"

"எடிட்டர் இல்ல."

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த கட்டம், கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்ட தேதி. எந்தத் தேதியை எழுதுவது என்று இருவரும் யோசித்தோம். அனுப்பிய தேதி உண்டு, வெளியான தேதி உண்டு. ஏற்றுக்கொள்ள அங்கே யாரும் இல்லை. 'ஏற்றுக்கொண்டோம்' என்று ஒரு கடிதம் எனக்கு வரவே இல்லை, வரப்போவதும் இல்லை.

"அப்போள் இது பப்ளிஷ் ஆயோ, இல்லயோ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ஆயிற்று என்றேன். சற்று நேரம் கழித்து, ஆகவில்லை என்றும் சொல்லலாம் என்றேன். அவர் படிவத்தை மூடி வைத்தார்.

மூன்று வாரம் கழித்து முதல் மதிப்பீடு வந்தது. 'சில குறைகளுடன் ஏற்கலாம்' என்று ஒரு பெண் பேராசிரியர் எழுதியிருந்தார். ஒரு அட்டவணையைத் திருத்தச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்த வாரம் இரண்டாவது வந்தது. சிவப்பு நிறத்தில் ஒரு பெருக்கல் குறி. 'ஏற்க இயலாது.'

எழுதியவர் வேறொரு நாட்டுப் பேராசிரியர். கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை, அதுதான் அதிகம் வலித்தது. கட்டையால் கொட்டையை அடிக்கிற கையின் மணிக்கட்டில்தான் சேதம் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஆனால் வலியின் அளவைப் பற்றிப் பெண்கள் சொன்னதும் என் கருவி காட்டிய அளவும் பொருந்தவில்லை என்று அவர் சுட்டிக்காட்டியிருந்தார். பெண்கள் வலியை மிகைப்படுத்திச் சொல்லியிருக்கலாம், அல்லது ஆய்வாளர் தவறான இடத்தை அளந்திருக்கலாம், எதுவென்று இந்தக் கட்டுரையிலிருந்து அறிய முடியாது என்று முடித்திருந்தார்.

ஒரு தோல்வி கடிதமாக வந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். இது உலகம் முழுக்கத் திறந்து கிடந்தது. என் பெயர் மேலே, பெருக்கல் குறி பக்கத்தில். திருவனந்தபுரத்தில் வேலை செய்யும் என் நாத்தனார், 'வாழ்த்துகள்' என்று எழுதி அந்தப் பக்கத்தையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். அவள் சிவப்புக் குறியைக் கவனிக்கவில்லை. என் மாமனார் கவனித்தார். சாப்பிடும்போது, "அது என்ன மோளே, தப்புண்ணு போட்டிருக்கு?" என்று கேட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் வாசலில் நான் அக்கா என்று கூப்பிடும் பெண் நின்றார். எங்கள் சபைதான், இரண்டு தெரு தள்ளி வீடு. இருபது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீஸில் தல்லுகிறவர். வறுத்த கொட்டையை ஒரு கல்லின்மேல் நிறுத்தி மரக்கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுப்பதைத்தான் அங்கே தல்லுவது என்பார்கள். என் ஆய்வில் பங்கெடுத்தவர்களில் அவரும் ஒருவர். மற்ற பெண்களை அழைத்துவந்து என் முன் உட்காரவைத்ததும் அவர்தான். அவருடன் நர்சிங் படிக்கும் மகளும் வந்திருந்தாள். அவள் கையில் போன் இருந்தது, அதில் என் கட்டுரை இருந்தது.

இதழில் வந்திருந்தால் இவர்கள் கண்ணில் பட்டிருக்காது. காசு கட்டினால்தான் திறக்கும், யாரும் கட்டமாட்டார்கள்.

"மக்கா, இவ எல்லாம் வாசிச்சுப் பறஞ்சா," என்றார் அக்கா. "அடியில ஒரு ஆளு எழுதியிருக்கானே. நாங்க கள்ளம் சொல்லுகோம்ணா எழுதியிருக்கான்?"

"அப்படி இல்லக்கா. அவரு ரெண்டு காரியம் சொல்றாரு. ஒண்ணு அது. இன்னொண்ணு, நான் அளந்தது தப்பா இருக்கலாம்னு."

"நீ அளந்தது தப்புதானே," என்றார் அக்கா.

கோபம் இல்லாமல், தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து வலது கையை நீட்டினார்.

"நீ எல்லாவளுக்க கையும் பாத்த. எந்தக் கை? இந்தக் கை. அடிக்குற கை." பிறகு இடது கையை நீட்டினார். பெருவிரலின் அடியில் எலும்பு சற்றே புடைத்திருந்தது. தோல் கொட்டையின் எண்ணெய்க்கறையில் கறுத்துச் சாம்பல் படிந்ததுபோல் இருந்தது. "நோவு இந்தக் கையிலயாக்கும். பிடிக்குற கையில. அண்டிய நிறுத்தணும், திருப்பணும், கட்ட விழும்போ இளகாம பிடிக்கணும். அடிக்கது ஆருக்கும் அடிக்கலாம்."

"அன்னைக்கு ஏன்க்கா சொல்லல?"

"நீ கேட்டியா?"

நான் கேட்கவில்லை. படிவத்தில் 'பணி செய்யும் கை' என்று ஒரே கட்டம் வைத்திருந்தேன். வேலை செய்வது அடிக்கிற கை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எந்தக் கை என்று குறிப்பிடாமல், எவ்வளவு வலிக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவர்கள் இடது கையை நினைத்துப் பதில் சொன்னார்கள், நான் வலது கையை அளந்தேன். அந்தப் பேராசிரியர் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு சரியாகக் கண்டிருக்கிறார். அண்டி ஆபீஸைப் பார்க்காத அவருக்கு, ஏதோ ஒன்று இடிக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. பத்து வயதிலிருந்து அண்டி ஆபீஸ் சங்கு கேட்டு வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

அதோடு போய்விடுவார்கள் என்று நினைத்தேன், ஆனால் அக்கா எழவில்லை. மகளிடம் போனை வாங்கி என்னிடம் காட்டினார்.

"இவனுக்க பேரு இருக்கு. ஒனக்க பேரு இருக்கு. எனக்க பேரு எங்க?"

"பங்கெடுத்தவங்க பேரு போடக்கூடாதுக்கா. அது விதி. சம்மதப் பத்திரத்துல நாம எழுதியிருக்கோம்ல, மலையாளத்துலயும் தமிழ்லயும்."

"குத்தம் சொன்னவன் பேரு உண்டு. நோவு உள்ளவளுக்கு பேரு இல்ல. இது என்ன விதியாக்கும்?"

பங்கெடுத்தவர்களைப் பாதுகாக்கத்தான் என்று மகள் சொன்னாள். யாரிடமிருந்து என்று அக்கா கேட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியும், வகுப்பில் அரை மணி நேரம் அதைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். அக்காவின் கைக்கு முன்னால் அந்தப் பாடம் உதவவில்லை.

கட்டுரையின் அடியில் வாசகர்கள் கருத்து எழுத ஓர் இடம் இருக்கிறது என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். பெயர், நிறுவனம், ஆய்வோடு உள்ள சம்பந்தம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அதில் அம்மா எழுதலாமா என்று கேட்டாள். பெயரை மறைப்பதாக நான் வாக்குக் கொடுத்த பெண், தன் பெயரைத் தானே வெளியிட விரும்புகிறார். அதைத் தடுக்க எனக்கு உரிமை உண்டா? விட்டுவிட எனக்கு உரிமை உண்டா? கல்லூரியின் நெறிமுறைக் குழுச் செயலாளரிடம் கேட்டேன். "நம்ம விதியில இதுக்கு இடம் இல்ல டீச்சர்," என்றார். "தடை உண்டா?" என்றேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "தடையும் இல்ல," என்றார். தளத்தின் அலுவலகத்துக்கும் எழுதினேன். அவர்கள் சில நாள் எடுத்துக்கொண்டு, அது அவருடைய உரிமை, ஆனால் விளைவுகள் அவருக்குப் புரிந்திருப்பதை நீங்கள் உறுதிசெய்ய வேண்டும் என்று பதில் போட்டார்கள். அப்படி ஒன்றை உறுதிசெய்வது எப்படி என்று அதில் இல்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். முதலாளி பார்க்கலாம், வேலைக்கு ஏதாவது வரலாம், ஒருமுறை போட்டால் என்றைக்கும் இருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் முதலாளியக் குத்தம் சொல்லலியே. எனக்க கையப் பற்றியாக்கும் சொல்லுகேன்," என்றார்.

அக்கா சொல்லச் சொல்ல மகள் ஆங்கிலத்தில் எழுதினாள். நான் அருகில் இருந்தேன், ஒரு சொல்லும் திருத்தவில்லை. நிறுவனம் என்ற இடத்தில் அண்டி தல்லும் தொழிலாளி, பாறசாலை என்று போட்டார்கள். சம்பந்தம் என்ற இடம் வந்ததும் அக்கா என்னைப் பார்த்து, "இவள எனக்குத் தெரியும், சபையில ஒண்ணா இருக்கோம்ணு எழுது," என்றார். அதுவும் போயிற்று. ஐந்தாறு வரிதான். பேராசிரியரே, நாங்கள் கள்ளம் சொல்லவில்லை, டீச்சர் அடிக்கிற கையைப் பார்த்தார், நோவு பிடிக்கிற கையில், வந்து கேட்டால் காட்டுகிறேன் என்று இருந்தது.

நான் மறுபடியும் அண்டி ஆபீஸ் ஒவ்வொன்றாகப் போனேன். சில பெண்கள் இன்னொரு தடவை முடியாது என்றார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மற்றவர்களின் இடது கையை அளந்தேன். பெருவிரல் அடியில், பிடிமானத்தில், அக்கா சொன்னது அப்படியே இருந்தது. முடிவுப் பகுதியை அடியோடு மாற்றி எழுதினேன். நான் வேறு கையை அளந்துவிட்டேன், ஒரு பங்கேற்பாளர் இதைச் சுட்டிக்காட்டினார் என்றும் அதில் சேர்த்தேன். அனுப்பினேன். இரண்டாம் பதிப்பு என்று வந்தது.

முதல் பதிப்பை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். எல்லாப் பதிப்பும் இருக்கும். இன்றும் யாராவது ஓர் அம்புக்குறியைத் தொட்டால் என் பிழையான கட்டுரை சிவப்புக் குறியோடு திறக்கும். இது நல்லதா கெட்டதா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. சில நாள் நேர்மையான ஏற்பாடு என்று தோன்றும். சில நாள் கூட்டத்தில் உடை மாற்றச் சொன்னதுபோல் இருக்கும்.

பேராசிரியர் தன் குறியை மாற்றினார். 'குறைகளுடன் ஏற்கலாம்.' அக்காவுக்குத் தனியாக ஒரு பதில் எழுதியிருந்தார். திருமதி என்று போட்டு, குடும்பப் பெயரும் சேர்த்து. தான் மிகைப்படுத்தல் என்ற சொல்லைப் பயன்படுத்தியது அவசரம், அதற்கு வருந்துவதாக எழுதியிருந்தார். மகள் வாசித்துக் காட்டினாள். அக்கா இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "கொள்ளாம், நல்ல மனுஷன்தான்," என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போனார். ஆபீஸில் ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி பார்த்தாரா என்றே தெரியாது. கூட வேலை செய்கிற இரண்டு பெண்கள் மட்டும் தங்கள் கையைப் பற்றியும் எழுத முடியுமா என்று கேட்டதாக அக்கா சொன்னார்.

பதவி உயர்வுக் குழு கூடியது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுரையை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஒருவர் கேட்டார், "நிதி கொடுத்தவங்களே வெளியிட்டா அது உங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்களே வாழ்த்து அட்டை அடிச்ச மாதிரி இல்லையா?" மதிப்பீட்டாளர்களை அறக்கட்டளை கட்டுப்படுத்தவில்லை, ஒருவர் ஏற்கவே மாட்டேன் என்றார், இதோ பாருங்கள் என்று காட்டினேன். அவர் 'ஏற்க இயலாது' என்ற வரியைப் படித்துவிட்டு, "அப்போ இது ரிஜெக்ட் ஆனதா?" என்றார். இல்லை, இரண்டாம் பதிப்பில் மாறிவிட்டது என்றேன். இன்னொருவர் அக்காவின் கருத்தில் நின்றுவிட்டார். இவர் யார், என்ன தகுதியில் மதிப்பீடு செய்தார் என்று கேட்டார். அவர் மதிப்பீட்டாளர் இல்லை, அவர் கைதான் அது என்றேன். சொல்லும்போதே அந்த வாக்கியம் எங்கோ இடறியது எனக்குத் தெரிந்தது. அவர்கள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே குழம்பினார்கள், நானும் குழம்பினேன். அங்கீகரித்த இதழ்களின் பட்டியலில் இந்தத் தளத்தின் பெயர் இல்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்று முடித்தார்கள். துறைத்தலைவர் வெளியே காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ச் சாயா வாங்கிக் கொடுத்தார்.

போன மாதம் அதே தளத்திலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. வேறொரு நாட்டில், மீன் சுத்தம் செய்யும் பெண்களின் முதுகுவலி பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், நீங்கள் மதிப்பிட முடியுமா, உங்கள் பெயர் வெளியாகும் என்று கேட்டிருந்தார்கள். ஒத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மதியம் முழுவதும் உட்கார்ந்து வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் முதுகை மட்டும் அளந்திருந்தார். அந்தப் பெண்கள் எங்கே நோகிறது என்று என்ன சொன்னார்கள் என்பது கட்டுரையில் எங்கும் இல்லை.

குறிப்புகளை எழுதி முடித்தேன். கடைசியில் மூன்று வட்டங்கள் இருந்தன. ஏற்கலாம், குறைகளுடன் ஏற்கலாம், ஏற்க இயலாது. கணவரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"எதுல அமுக்கணும்?"

"தெரியல. மூணாவது போட்டா அந்தப் பிள்ளைக்க வீட்டுல எல்லாரும் பாப்பாங்க. முதலாவது போட்டா அது கள்ளம்."

"அப்போ நடுவுல."

"நடுவுலன்னா நான் பயந்துட்டேன்னு ஆகாதா?"

உள்ளே மாமனார் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். நான் குறிப்பின் மேலே ஒரு வரி சேர்த்தேன். 'அந்தப் பெண்களிடம் போய் ஒருமுறை கேளுங்கள். நானும் கேட்காமல் விட்டவள்தான்.' அதன்பின் நடு வட்டத்தை அமுக்கினேன். இரண்டு நாளில் என் பெயரோடு அது வெளிவந்தது. சரியாகச் செய்தேனா என்று இன்னும் தெரியவில்லை. எழுதியவரிடமிருந்து இதுவரை பதிலும் வரவில்லை.